மிஸ்ஸியின் பால் பல்

கிஷனின் பற்களை ரோசலின் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தது, அவளைக் கண்டு அவன் அலறியபோதுதான்.

வேலை முடிந்து வந்தவள் அடுக்குமாடியின் மின்தூக்கிக்குள் நுழைந்தாள். உள்ளே எதிர்வீட்டுச் சுபாஷினி, தொழிற்சாலைச் சீருடையோடு நின்றிருந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் பொட்டலம் கட்டிய மீ நூடுல்ஸ். பிள்ளைக்கு அப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது. பொட்டலத்தின் ரப்பர் வளையத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

“கிஷன், யாரு வந்துருக்காங்க பாரு. பல்லு மிஸ்ஸி. பேசாம இரு, இல்லேன்னா புடுங்கிடுவாங்க.”

பிள்ளை திரும்பினான். வெள்ளைக் காலணியில் தொடங்கி ரோசலினின் முகம்வரை ஒரு முறை பார்த்தான். பிறகு வாயைப் பிளந்தான். ஏழாம் மாடி வரும்வரை அந்த வாய் மூடவில்லை.

ரோசலின் சிரிக்கவில்லை, விலகி நிற்கவும் இல்லை. விலக அங்கே இடமும் கிடையாது. அரசாங்கப் பல் கிளினிக்கில் சின்னப் பிள்ளைகளின் வாயைப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவள். திறந்த வாயைக் கண்டால் அவள் கண் தானாக உள்ளே போய்விடும். மேல்வரிசையின் முன்பற்கள் நான்கிலும், ஈறை ஒட்டி, சுண்ணாம்பைத் தொட்டுக் கோடு இழுத்ததுபோல் மங்கலான வெள்ளை. கீழ்ப்பற்கள் பளிச்சென்று இருந்தன. அவளுக்கு அது போதும். பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்குகிற பிள்ளை. தூக்கத்தில் பால் மேல்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடும். இந்த வெள்ளைக் கோடு இன்னும் ஓட்டையாகவில்லை. இப்போது கவனித்தால் அப்படியே நின்றுவிடும். விட்டால் சில மாதங்களில் பழுப்பாகும், பிறகு பல் ஓரம் ஓரமாக உதிரும், கடைசியில் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து நான்கையும் எடுக்க வேண்டிவரும். அப்படி எடுத்த பிள்ளைகளை அவள் பார்த்திருக்கிறாள். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு போவார்கள்.

“சாரி கா,” என்றாள் சுபாஷினி, மின்தூக்கி நின்றதும். “உங்க பேரச் சொன்னாத்தான் கொஞ்சம் பயப்படுறான்.”

“பரவால்ல.”

அவள் பேரை யாரும் அந்தக் கட்டடத்தில் சொன்னதில்லை. பல் நர்ஸ் என்பதால் பல்லு மிஸ்ஸி, அவ்வளவுதான். சோறு சாப்பிடாத பிள்ளைக்கும், கடையில் பொம்மை கேட்டுப் புரளுகிற பிள்ளைக்கும், குளிக்க வராத பிள்ளைக்கும் பல்லு மிஸ்ஸிதான் மருந்து. நான்காம் மாடிச் சீனக் கிழவிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவளும் பேரன் அடம்பிடித்தால் ரோசலினைச் சுட்டிக்காட்டி, இரண்டு விரலை இடுக்கிபோல் மடக்கிக் காட்டுவாள். மாலையில் கீழே விளையாடும் பிள்ளைகள் அவள் கேட்டைத் தாண்டி வருவதைப் பார்த்தால் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். தீபாவளிக்கு முறுக்குத் தட்டு வரும், பெரியவர்கள்தான் கொண்டுவருவார்கள். பிள்ளைகள் கதவுக்கு வெளியே சுவரோரம் நிற்பார்கள்.

ரோசலினுக்கு வயது நாற்பத்தொன்று. அப்பா துறைமுகத்தில் சரக்குக் கணக்கர். அவர் போன பிறகு அம்மாவோடு இந்த வீட்டுக்கு வந்தாள், அம்மாவும் போய்விட்டார். தம்பி செபாஸ்டியன் கெப்பாலா பத்தாஸ் ஊரில் அரசாங்க வேலை, மனைவி, மக்கள் என்று இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வந்து சாப்பிட்டுப் போவான். ஒரு வரன் பேச்சு வந்து, பேச்சாகவே நின்றுபோனது. அது அவளுக்குப் பெரிய வருத்தமாக இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போவாள், பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிடுவாள். வந்ததும் முதல் வேலையாக வானொலியைத் திருப்புவாள். வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா.

அவளுடைய வேலையில் ஒரு முறை உண்டு. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பல் நாற்காலியில் படுக்கவைக்க முடியாது. அம்மாவும் மிஸ்ஸியும் எதிரெதிரே உட்கார வேண்டும், முட்டியோடு முட்டி ஒட்டும்படி. பிள்ளை அம்மாவைப் பார்த்தபடி அவள் மடியில் உட்காரும். பிறகு அப்படியே பின்னால் சாய்த்தால் தலை மிஸ்ஸியின் மடியில் வந்து விழும். பிள்ளைக்கு அம்மாவின் முகம் தெரிந்துகொண்டே இருக்கும். மிஸ்ஸிக்கு வாய் தெரியும். எல்லாப் பிள்ளைகளும் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொள்ளும். அப்போது ரோசலின் எப்போதும் ஒரே வார்த்தைதான் சொல்வாள்.

“தலைய விடு. நா புடிச்சிருக்கேன்.”

நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் முட்டி அவள் முட்டியோடு ஒட்டும். நாள் முழுக்க அவள் மடியில் தலைகள். எல்லாம் அழுகிற தலைகள். முடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா எழுந்துவிடுவாள். மடியில் கொஞ்ச நேரம் சூடு இருக்கும்.

இன்னொன்றும் உண்டு, அது வேலையைச் சேர்ந்ததல்ல. ரோசலினுக்கு ஒரு பால் பல் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் மாணவிகள் ஒருவர் பல்லை ஒருவர் எக்ஸ்ரே எடுத்துப் பழகியபோது தெரியவந்தது. கீழ்த்தாடையில் இடப்பக்கம், பக்கத்துப் பற்களைவிட ஒரு படி தாழ்ந்து, அவற்றைவிட வெள்ளையாக ஒன்று. அது விழவே இல்லை. அதற்கடியில் முளைக்க வேண்டிய பல் உருவாகவும் இல்லை. “இதுக்கு மாத்துப் பல்லு கெடையாது, ரோசலின். நல்லாப் பாத்துக்க, நாப்பது வயசு வரைக்கும்கூட இருக்கும்,” என்றார் ஆசிரியை. அன்றிலிருந்து பல் தேய்க்கும்போது அவள் அங்கேதான் தொடங்குவாள், அங்கேதான் முடிப்பாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

சனிக்கிழமை காலை, நடையில் சுபாஷினி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ரோசலின் தன் வாசலில் இருந்த ஒரே பூந்தொட்டிக்குத் தேவைக்கு மேலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். பேச்சைத் தொடங்க அவளுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

“சுபா, கிஷன் பாட்டிலோடதான் தூங்குவானா?”

“ஆமா கா. இல்லேன்னா வீட்டையே ரெண்டாக்கிடுவான்.”

“வெறும் பாலா?”

“கொஞ்சம் டின் பால் ஊத்துவேன். இனிப்பு இல்லேன்னா துப்புறான் லா.”

“மேல் பல்லுல வெள்ளக் கோடு விழுந்திருக்கு. அன்னிக்கு லிஃப்ட்ல பாத்தேன். அது சொத்தையோட ஆரம்பம்.”

சுபாஷினி ஒரு சின்னச் சட்டையை உதறினாள். “பால் பல்லுதானே கா. எப்படியும் விழப்போறது.”

இதற்குப் பதில் ரோசலினுக்குத் தூக்கத்திலும் வரும். கிளினிக்கில் சீருடையோடு நிற்கும்போது தட்டாமல் சொல்வாள். வீட்டு உடையில், கையில் தண்ணீர்க் குவளையோடு நிற்கையில் பாதிதான் வந்தது.

“விழ இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. அது வரைக்கும் கடிச்சுத் திங்கணும்ல. வலி வந்தா உன்னையும் தூங்க விடமாட்டான்.”

சுபாஷினியின் கை நின்றது. அவள் கோபப்படுவாள் என்று ரோசலின் நினைத்தாள். அவள் கோபப்படவில்லை.

“நா என்னக்கா பண்ணுவேன்? அவரு லாரிய எடுத்துட்டு ஜொகூர் போனாருன்னா வாரக் கடைசிலதான் தலையக் காட்டுவாரு. நா வேலை முடிஞ்சு, கீழ பிள்ளையப் பாத்துக்கிற ஆசியா பீவி வீட்டுலேருந்து இவனத் தூக்கிட்டு வந்து, சமைச்சு, துவைச்சு… அந்தப் பாட்டில்தான் கா எனக்கு ஒத்தாசைக்கு ஆளு. அதக் குடுத்தாத்தான் எனக்கு ஒரு மூச்சு விட நேரம்.”

சொல்லிவிட்டு, திடீரென்று அவள் முகம் மலர்ந்தது. “ஒண்ணு பண்ணலாம் கா. நீங்களே வந்து பாட்டில வாங்கிட்டுப் போயிடுங்க. யூனிஃபார்மோட வாங்க. மாஸ்கும் போட்டுக்குங்க. கேஸ் முடிஞ்சது.”

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள் என்று தினமும் அம்மாக்களிடம் சொல்கிறவள் அவள்தான். ஆனால் அந்த வெள்ளைக் கோடு அவள் கண்ணிலேயே நின்றது. அதோடு, அந்த வீட்டுக்கு உள்ளே வாருங்கள் என்று அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

“சரி,” என்றாள்.

திங்கட்கிழமை வேலையிலிருந்து வந்ததும் உடை மாற்றாமல், முகக்கவசத்தையும் கழற்றாமல் எதிர்வீட்டுக்குப் போனாள். கிஷன் பாயில் படுத்துத் தொலைக்காட்சி பார்த்தபடி பாட்டிலைச் சப்பிக்கொண்டிருந்தான். அவள் கையை நீட்டினாள். அவன் அழுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அவன் அழவில்லை. பாட்டிலை வாயிலிருந்து எடுத்து, அவள் கையில் வைத்தான். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். கண் மட்டும் அவளைப் பார்த்தது.

“பாத்தீங்களா? நா சொன்னா கேக்க மாட்டான்,” என்று சுபாஷினி சிரித்தாள்.

ரோசலின் பாட்டிலைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. கொட்டி, கழுவி, தட்டுகளுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் சுபாஷினி கதவைத் தட்டினாள்.

“பாட்டில் கேக்கறதே இல்ல கா. ஆனா வாயத் தொறக்க மாட்டேங்குறான். பிரஷ்ஷ எடுத்தாலே பல்லக் கடிச்சுக்கிறான். சோறு ஊட்டினாக்கூட, நா திரும்பிக்கணும், அப்பத்தான் வாயில வெக்கிறான். என்னடான்னு கேட்டா, வாயத் தொறந்தா நீங்க வந்து புடுங்கிடுவீங்களாம்.” அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. “அழறப்பக்கூட வாய மூடிக்கிட்டுத்தான் கா அழறான்.”

சுபாஷினி ஒரு நாள் விடுப்பு எடுத்து அவனைக் கிளினிக்குக்கும் கூட்டிவந்தாள். ரோசலின் வேண்டுமென்றே பின்னறையில் இருந்துகொண்டாள். அவளுடன் வேலை செய்கிற எவ்லின் சிரித்துப் பார்த்தாள், கையுறையை ஊதிக் காட்டினாள். பூட்டின வாய் பூட்டினபடியே இருந்தது. பாட்டில் போய்விட்டது, சரி. ஆனால் தேய்க்காத பல்லில் அந்தக் கோடு நிற்காது, வளரத்தான் செய்யும். வேறொருத்தர் பிள்ளையைப் பயமுறுத்தியிருந்தால் ரோசலினுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். இவனைப் பயமுறுத்தியது அவளே.

அன்று வீட்டுக்கு வந்து முகம் கழுவி, வழக்கம்போல் கீழ்த்தாடையின் இடப்பக்கத்தில் தேய்க்கத் தொடங்கினாள். கண்ணாடியில் தன் வாயைப் பார்த்தாள். பிரஷ் அந்தப் பால் பல்லிலேயே நின்றது. வாயைக் கொப்பளித்துவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, தன் பிரஷ்ஷையும் கையில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

கிஷன் அவளைப் பார்த்ததும் வாயைப் பொத்தினான்.

“இது உன்னோடது,” என்று பாட்டிலை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். ஒரு கை மட்டும் வாயை விட்டு இறங்கி, பாட்டிலை இழுத்துப் பின்னால் ஒளித்தது.

“சுபா, பாயில உக்காரு. சம்மணம் போட்டு.”

“எதுக்கு கா?”

“உன் மடியில நா தலை வெக்கிறேன். இன்னிக்கு நா பிள்ளை, நீ மிஸ்ஸி.”

“என்ன கா, வெளையாடுறீங்களா?”

“ஆமா.”

சுபாஷினி உட்கார்ந்தாள். ரோசலின் பாயில் படுத்துத் தலையை அவள் மடியில் வைத்தாள். வைத்தாளே தவிர, கழுத்து இறங்கவில்லை. மேலே மின்விசிறி சுற்றியது. சுபாஷினியின் உடையில் சோப்பு வாசமும் வதக்கின வெங்காயத்தின் வாசமும் இருந்தன. கடைசியாகத் தன் தலை எப்போது ஒருத்தர் மடியில் இருந்தது என்று ரோசலின் யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

“என்னக்கா, கட்டை மாதிரி வெச்சிருக்கீங்க. தலைய விடுங்க. நா புடிச்சிருக்கேன்.”

அவள் தினமும் சொல்கிற வார்த்தை. தன்னிடம் யாரோ சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தலையின் கனம் முழுவதும் அந்த மடியில் இறங்கியது.

“கிஷன்,” என்றாள் கண்ணைத் திறக்காமல். “மிஸ்ஸி வாயில ஒரு பாப்பா பல்லு இருக்கு. உன்னோடது மாதிரியே சின்னப் பல்லு. எங்க இருக்குன்னு தேடு.”

பிரஷ்ஷைப் பாயில் வைத்துவிட்டு, வாயை அகலத் திறந்தாள்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சின்னக் கால்கள் பாயில் நடந்துவரும் சத்தம். ஒரு மூச்சு அவள் முகத்தில் பட்டது. பிரஷ் உள்ளே வந்தது. அண்ணத்தில் குத்தியது, கன்னத்தில் இடித்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“இதா?”

இல்லை என்று அவள் தலையை அசைத்தாள்.

“இதா?”

மறுபடி அசைத்தாள். பிரஷ்ஷைப் போட்டுவிட்டு விரலையே விட்டான். உப்பும் பிஸ்கட்டும் கலந்த ஒரு சின்ன விரல் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக்கொண்டே போய், தாழ்ந்திருந்த ஒன்றில் வந்து நின்றது.

“பாப்பா பல்லு,” என்றான்.

சுபாஷினி குனிந்து பார்த்தாள். “ஐயோ, நெசமாவா கா? இந்த வயசுலயா?”

ரோசலின் எழுந்து உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டாள். “விழவே இல்ல. அடியில வேற பல்லும் இல்ல.”

“அப்ப இது விழுந்துச்சுன்னா?”

“அவ்வளவுதான்.”

சுபாஷினி மகனின் மூடிய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பல்தானே என்று அதன் பிறகு அவள் சொல்லவே இல்லை.

அன்று கிஷன் வாயைத் திறக்கவில்லை. ரோசலினும் திறக்கச் சொல்லவில்லை. மறுநாள் அவள் வந்தபோது வாயைப் பொத்திக்கொள்ளாமல் தூர நின்றான். அதற்கடுத்த நாள் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தான். அவள் படுக்க, அவன் தேய்க்க, இப்படியே போயிற்று. ஈறு இரண்டு இடத்தில் புண்ணாகிவிட்டது. ஒருநாள் அந்தப் பாப்பா பல்லை மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தவன், பிள்ளைக்கு ஊட்டுகிறவர்கள் தம்மையறியாமல் வாயைத் திறப்பதுபோல், தன் வாயையும் திறந்தான். கீழே படுத்திருந்த ரோசலினுக்கு மேல்பற்கள் நான்கும் தெரிந்தன. வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. பழுப்பாகவில்லை.

“இப்ப என் முறை,” என்று அவன்தான் சொன்னான்.

அன்றிலிருந்து மாலையில் நடையில் இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகள் எதிரெதிரே வந்துவிடும். முட்டியோடு முட்டி. கிஷனின் தலை ரோசலினின் மடியில். மேல் உதட்டைத் தூக்கிப் பிடித்து, அரிசி மணி அளவு பற்பசையில் ஈறோரமாக மெதுவாகத் தேய்ப்பாள். படுக்கும்போது வெறும் தண்ணீர்ப் பாட்டில். கொஞ்ச நாளில் அதையும் அவனே மறந்துவிட்டான். கீழ்மாடி ஆசியா பீவியிடமும் சொல்லிவைத்தார்கள். “எனக்கென்னம்மா, தண்ணி குடுக்கச் சொன்னா தண்ணி. நாலு நாளு கத்தினான், நா காதுல பஞ்ச வெச்சுக்கிட்டேன்,” என்றார் அவர். கிளினிக்கில் எவ்லின் பல்லுக்கு ஃபுளோரைடு பூசியபோது, வாயில் பூட்டு இல்லை. மாதங்கள் போகப்போக அந்தக் கோட்டின் சுண்ணாம்பு மங்கல் போய், பல்லைப் போலவே மினுங்கத் தொடங்கியது. கோடு மறையாது, ஆனால் இறுகிவிட்டது. அது போதும்.

அந்த நாட்களில் ஒருநாள் சுபாஷினி முக்காலியில் உட்கார்ந்தபடியே முறையிட்டாள். “இப்ப இவன எத வெச்சு மெரட்டுறதுன்னே தெரியல கா. நேத்து சோறு திங்க மாட்டேன்னான். மிஸ்ஸியக் கூப்பிடவான்னேன். கூப்பிடு, இப்பவே கூப்பிடுங்கிறான்.”

“மெரட்டாம இருந்து பாரேன்.”

“அதுக்கு நா வேற பொம்பளையாப் பொறக்கணும் லா.”

ரோசலின் சிரித்தாள். மடியில் கிடந்த தலையும் எதற்கென்று தெரியாமல் சிரித்தது.

சிம்பாங் அம்பாட் என்ற ஊரில் தாங்கள் வாங்கியிருந்த வீட்டுக்குச் சாவி கிடைத்துவிட்டது என்று சுபாஷினி ஒருநாள் சொன்னாள். தரை வீடு. முன்னால் கார் நிறுத்த இடம், பின்னால் செடி வைக்க இடம். அவள் கணவன் தயாளனுக்கு லாரி நிறுத்தும் இடமும் பக்கம். இனி பெரும்பாலும் வீட்டுக்கு வந்துவிடலாம். எல்லாம் நல்ல செய்தி. ரோசலின் நல்லது என்றாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை, பெட்டிகளுக்கு நடுவில் தயாளனை முக்காலியில் உட்காரவைத்தாள். அவன் உட்கார்ந்ததில் முக்காலியின் கால்கள் விரிந்தன.

“முட்டியோட முட்டி ஒட்டணும் தம்பி. தள்ளி உக்காந்தா தலை நடுவுல தொங்கும்.”

“தலை வெக்க எடமே இல்ல மிஸ்ஸி. என் தொப்பையே மடியில உக்காந்திருக்கு.”

“தொப்பையத் தலைகாணியா வெச்சுக்கட்டும்,” என்றாள் சுபாஷினி.

“உதட்டத் தூக்குங்க. பயப்படாதீங்க, கிழியாது. அங்கதான், ஈறு ஓரமா.”

லாரி ஓட்டுகிற கை. பிரஷ் அதில் தீக்குச்சிபோல் இருந்தது. முதலில் இடம் தவறியது, பிறகு பிடித்துக்கொண்டது. கிஷன் அப்பாவின் வயிற்றில் தலையை வைத்து, அம்மாவைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி கிடந்தான். ரோசலின் பக்கத்தில் நின்று பார்த்தாள். சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

அவர்கள் போன பிறகு எதிர்வீட்டுக் கதவில் கொஞ்ச நாள் பூட்டுத் தொங்கியது. துணி காயும் கம்பி வெறுமையாகக் கிடந்தது. மின்தூக்கியில் வேறு பிள்ளைகள் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ரோசலின் வேலைக்குப் போனாள், வந்தாள், வானொலியைத் திருப்பினாள். மாலையில் அந்த நேரம் வந்தால் மட்டும் எதையாவது கையில் எடுத்துத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

ஒரு சனிக்கிழமை மாலை, தேநீரில் ரொட்டியை நனைத்துக் கடித்தபோது கீழே இடப்பக்கம் ஏதோ நகர்ந்தது. நாக்கால் தொட்டுப் பார்த்தாள். விரலால் தொட்டாள். ஆடியது. லேசாகத்தான்; ஆனால் ஆடுகிற பல்லை அவளுக்குத் தெரியாதா. வேர் கரைந்துபோயிருக்கும். கிளினிக்கில் காட்டினால் எடுத்துவிடச் சொல்வார்கள், அது சரியான பேச்சுத்தான். தம்பியிடம் சொன்னால் அப்படியா என்பான். அவனும் வேறென்ன சொல்வான்? நாற்பத்தொரு வயதுக்காரி தன் பால் பல் ஆடுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கைப்பேசியை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்துச் சுபாஷினியை அழைத்தாள். முகம் பார்த்துப் பேசுகிற அழைப்பு.

“கா, சாப்டீங்களா? என்ன இளைச்சிட்டீங்க? இருங்க, இவன் புடுங்குறான்.”

திரை ஆடியது, கூரை தெரிந்தது, பிறகு ஒரு பக்கக் கன்னம்.

“பல்லு தேச்சியா கிஷன்?”

“தேச்சேன். அப்பா தொப்பையில.” வாயைப் பிளந்து கைப்பேசியிலேயே வைத்தான். திரை முழுக்கப் பற்கள். நான்கும் இருந்தன, நான்கும் மினுங்கின.

“நல்ல பிள்ளை.” நாக்கு மறுபடி அந்தப் பல்லைத் தொட்டது. “மிஸ்ஸியோட பாப்பா பல்லு ஆடுது, கிஷன்.”

அவன் யோசித்தான். புருவம் சுருங்கியது. “பாட்டில் குடிச்சியா?”

“டேய், குடிச்சீங்களான்னு கேளு,” என்று பின்னாலிருந்து சுபாஷினியின் குரல்.

“குடிக்கல லா. அதுக்கு வயசாயிருச்சு.”

“ஆ காட்டு.”

ரோசலின் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். வானொலியில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். எட்டி அதை அணைத்தாள். கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்து வாயைத் திறந்தாள்.

“தெரியல. இருட்டா இருக்கு.”

நாற்காலியைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். வெளியே கடல்மேல் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. உட்கார்ந்து, முகத்தை வெளிச்சத்துக்கு உயர்த்தி, மறுபடி வாயைத் திறந்தாள். கழுத்து விறைத்துக்கொண்டு நின்றது. கைப்பேசி ஆடியது.

“ஆடாத,” என்றான் கிஷன். அவன் முகம் திரைக்கு மிக அருகில் வந்திருந்தது. ஒரு கண்ணும் பாதி மூக்கும்தான் தெரிந்தன. “தலைய விடு மிஸ்ஸி. நா புடிச்சிருக்கேன்.”

நாற்காலியின் முதுகுக் கட்டை கடினமாக இருந்தது. ரோசலின் தலையை அதில் மெல்லச் சாய்த்தாள்.